பெயர் கேட்கும் வாயில்கள்: அச்சகம் முதல் இணையம் வரை

நாம் பணியாற்றும் கல்லூரிக்கு எதிரே முன்னர் ஓர் இணைய மையம் இருந்தது. இத்தகைய மையங்களுக்கென நடுவண் அரசு 2011இல் விதிகள் வகுத்த பின்னர், அங்கு நுழைவோர் அடையாளச் சான்று காட்டிப் பதிவேட்டில் பெயரும் முகவரியும் எழுத வேண்டியதாயிற்று. இருக்கைகளுக்கிடையேயான தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரலாகாது, பதிவேட்டை ஓராண்டேனும் காத்தல் வேண்டும் என்றெல்லாம் அவ்விதிகள் கூறின. நம் மாணவர்களும் அடையாள அட்டையின் ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டே தேர்வு முடிவு பார்த்து வந்தனர். மையம் மூடப்பட்டுச் சில திங்கள் கழிந்து, அருகிலிருந்த தேநீர்க் கடையில் வடை மடித்துத் தந்த தாளைப் பிரித்தபோது, நம் வகுப்பு மாணவி ஒருத்தியின் படமும் வீட்டு முகவரியும் எண்ணெய்க் கறையினூடே தெரிந்தன. பாதுகாப்பிற்கெனக் கேட்கப்பட்ட பெயர் பாதுகாப்பாரிடம் போய்ச் சேரவில்லை. வடைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தத் தாளை நமக்கு மீண்டும் நினைவூட்டியது 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் வெளிவந்த ஓர் ஆணை. செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரநிலைக் குழு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்கீழ் அதனைப் பிறப்பித்தது. தரவு மையங்கள், மேகக் கணினிச் சேவை தருவோர் ஆகியோருடன் வி.பி.என். சேவை வழங்குவோரும் அதற்கு உட்பட்டனர். வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொடர்பு எண், அவருக்கு அளிக்கப்பட்ட ஐ.பி. முகவரிகள், எந்தக் காலத்திற்குச் சேவை பெற்றார், எந்த நோக்கத்திற்காகப் பெற்றார் என்பனவற்றையெல்லாம் பதிந்து, அவர் சேவையை விட்டு நீங்கிய பின்னரும் 5 ஆண்டுகள் காக்க வேண்டும் என்பது ஆணையின் சாரம். மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறை என்பதும் சட்டத்தில் உண்டு.

வி.பி.என். என்பது யாது? நாம் எழுதிய கடிதத்தை உறையிலிட்டு, அவ்வுறையை இன்னொரு உறையிலிட்டு, நம்பகமான நண்பர் ஒருவருக்கு அனுப்புவதாகக் கொள்வோம். அவர் வெளியுறையைப் பிரித்து, உள்ளுறையைத் தம் ஊரிலிருந்து தம் பெயரில் அஞ்சலிடுகிறார். நம் ஊர் அஞ்சலகத்திற்கு நாம் நண்பருக்கு எழுதினோம் என்பது மட்டுமே தெரியும். பெறுபவருக்கு நண்பரின் முகவரி மட்டுமே தெரியும். முழுமையும் அறிந்தவர் அந்நண்பர் ஒருவரே. ஆகவேதான் இத்தொழிலில் சிறந்தவை எனப் பெயரெடுத்த நிறுவனங்கள், எதனையும் குறித்து வைப்பதில்லை என்பதையே தம் முதல் வாக்குறுதியாகக் கொண்டன. குறித்து வைக்கச் சொல்வது அந்த வேலையையே கைவிடச் சொல்வதாகும்.

அவ்வாறே நிகழ்ந்தது. 2022 ஜூன் மாதத் தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ்விபிஎன் தன் கணினிகளை இந்தியாவிலிருந்து அகற்றிக்கொண்டது. சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் முதலியனவும் அதே முடிவை அறிவித்தன. விதியை ஏற்க இயலாதோர் வெளியேறலாம் என்று துறையின் இணையமைச்சராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் வெளிப்படையாகவே கூறினார். சரிபார்ப்பு விதிக்கான காலக்கெடு 2022 செப்டம்பர் 25 வரை நீட்டிக்கப்பட்டதேயன்றி விதி மாறவில்லை. நிறுவனங்கள் தம் ஊழியர்க்கென நடத்தும் வி.பி.என்.கள் இதற்கு உட்பட்டவையல்ல என்று மட்டும் அரசு விளக்கம் தந்தது. அலுவலகத்தின் மறைவு மதிக்கப்பட்டது. தனிமனிதரின் மறைவு ஐயத்திற்குரியதாயிற்று.

அரசின் தரப்பை நாம் எள்ளி ஒதுக்குவதற்கில்லை. இணையவழி மோசடியில் ஆயுட்காலச் சேமிப்பை இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களை நாம் நேரில் அறிவோம். குற்றவாளியைத் தேடிச் செல்லும் காவலர், வி.பி.என். என்னும் சுவரில் முட்டி நிற்பதும் உண்மையே. 2021இல் உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு வி.பி.என்.களை முடக்குமாறே பரிந்துரைத்திருந்தது. கேள்வி வேறு: எல்லோர் பெயரையும் முன்கூட்டியே எழுதி வைப்பதால் அச்சிலர் அகப்படுவார்களா?

இக்கேள்வி புதிதன்று. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், அச்சிடப்படும் ஒவ்வொரு நூலிலும் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என விதித்தது. பத்திரிகை எனில் குற்றவியல் நடுவர் முன் உறுதிமொழி அளிக்க வேண்டியிருந்தது. பழைய தமிழ் நூல்களின் முகப்பில் நாம் காணும் அச்சுக்கூடத்தின் பெயர் வெறும் விளம்பரமன்று. சட்டத்தின் கட்டளையும் ஆகும். சென்னையில் 'இந்தியா' வார இதழின் எழுத்து பாரதியாருடையது. பதிவேட்டில் இருந்த பெயரோ மு. சீனிவாசன் என்பவருடையது. 1908இல் அரசு வழக்குத் தொடுத்தபோது சிறை சென்றவர் சீனிவாசனே. பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் அதே ஆண்டில் அங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. பதிவேடு, தேடப்பட்டவரைப் பிடித்துத் தரவில்லை. எட்டுகிற கைக்கு அகப்பட்டவரைத் தந்தது. எழுத்து எல்லை கடந்து சென்றது. 2022இல் கணினிகள் எல்லை கடந்ததைப் படித்தபோது நமக்குப் புதுச்சேரியே நினைவுக்கு வந்தது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு, அது சிறிதன்று. அந்நிய அரசின் அச்சட்டமுங்கூட அச்சிட்டவரையும் வெளியிட்டவரையும் கேட்டதேயன்றி, வாசித்தவரைக் கேட்கவில்லை. 'இந்தியா'வை வாங்கியவர் எந்த நோக்கத்திற்காக வாங்கினார் என எழுதி வைக்கும்படி கடைக்காரருக்குச் சட்டம் ஆணையிடவில்லை. தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் கடிதம் இடுபவரிடம் இன்றும் எவரும் அடையாள அட்டை கேட்பதில்லை. வி.பி.என். பயனரோ எழுதுபவராக இருக்க வேண்டுவதில்லை. ஒரு நோயைப் பற்றிப் படிப்பவராக இருக்கலாம், வழக்கறிஞரைத் தேடும் மனைவியாக இருக்கலாம். அவரும் பெயரும் நோக்கமும் சொல்ல வேண்டும் என்பதே இப்புதிய விதியின் புதுமை.

இத்தகைய முயற்சியை முழுமையாகச் செய்து பார்த்த நாடு தென்கொரியா. 2007இல் அந்நாடு, பெருந்திரளானோர் வரும் இணையதளங்களில் கருத்து எழுதுவோர் தம் மெய்ப்பெயரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் செய்தது. அவதூறுகளால் மனமுடைந்தோரின் துயரம் அதற்குப் பின்னணியாக இருந்தது, நோக்கம் தீயதன்று. சரிபார்ப்புக்கு உதவியது ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிய 13 இலக்கப் பதிவெண். 2009இல் யூடியூப் நிறுவனம் இவ்விதிக்கு உட்பட மறுத்துத் தன் கொரியப் பக்கத்தில் பதிவேற்றத்தையும் கருத்துரையையும் நிறுத்தியது. அதே ஆண்டில் 'மினர்வா' என்னும் புனைபெயரில் பொருளாதாரம் குறித்து எழுதிவந்த ஒருவர் பொய்ச்செய்தி பரப்பியதாகக் கைதாகி, சில திங்கள் கழித்து நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்டு ஆகிய தளங்களில் கள்வர் புகுந்து ஏறத்தாழ 3.5 கோடிப் பேரின் விவரங்களைக் கவர்ந்தனர். அந்நாட்டின் மக்கள்தொகையே அன்று 5 கோடியளவுதான்.

2012 ஆகஸ்ட் 23ஆம் நாள் தென்கொரிய அரசமைப்பு நீதிமன்றம் இவ்விதியை ஒருமனதாக நீக்கியது. சட்டம் வந்ததால் தீய பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தன என்பதற்குச் சான்றில்லை. பயனர் வெளிநாட்டுத் தளங்களுக்குப் பெயர்ந்தனர். நாவடக்கம் மட்டும் நல்லவரிடையே பெருகிற்று என்பதே தீர்ப்பின் போக்கு. 5 ஆண்டுகளில் ஒரு நாடு கற்றுக்கொண்ட பாடம் அது.

ஆனால் பாடங்கள் எல்லை கடப்பதில்லை போலும். 2025 ஜூலை 25 முதல் பிரிட்டனில் சில வகைத் தளங்களுக்கு வயதுச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்ததும், வி.பி.என். செயலிகளைத் தரவிறக்குவோர் எண்ணிக்கை அங்குத் திடீரென உயர்ந்தது. உடனே வி.பி.என்.னுக்கும் வயதுச் சரிபார்ப்பு வேண்டும் என்ற குரல் எழுந்தது. ஒரு வாயிலில் காவல் வைத்தால் அடுத்த வாயிலிலும் வைக்க வேண்டியிருக்கும், அடுத்ததற்கு அடுத்ததிலும்.

தமிழ் பயில்வோர்க்கு இதில் தனிப்பட்டதோர் அக்கறை உண்டு. நம் மரபு பெயரறியாப் புலவரைப் புறந்தள்ளிய மரபன்று. குறுந்தொகையைத் தொகுத்தோர் பெயர் கிட்டாதவிடத்துப் பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்துச் செம்புலப்பெயனீரார் எனப் பெயரிட்டு வணங்கினர். பாட்டுக்கு அதனால் யாதொரு குறையும் நேரவில்லை. அண்மைக்காலத்துக்கு வந்தால், வீட்டிலிருந்து மறைத்து எழுதி, புனைபெயரின் காவலில் கவிதைகளை வெளியிட்டவர் சல்மா. அப்பெயர் இல்லையேல் அக்கவிதைகள் வெளிவந்திருக்குமா என்பது ஐயமே. புனைபெயர் பலருக்கு அழகுக்கு அணியும் நகையன்று. வெயிலுக்குப் பிடிக்கும் குடை.

2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமித்துக் கூறினர். அவ்வுரிமையைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கை தேவைக்கு விகிதமானதாக இருத்தல் வேண்டும் என்பதும் அத்தீர்ப்பிலிருந்து நாம் பெறுவது. ஒரு குறிப்பிட்ட குற்றத்தின்மேல், நீதிமன்ற ஆணை பெற்று, குறிப்பிட்ட ஒருவரைத் தேடுவது விகிதமானது. எவர் குற்றவாளியாவார் என்று தெரியாமையால் எல்லோரையும் 5 ஆண்டு எழுதி வைப்பது அவ்வாறாகுமா? பதிவேடு என்பது தானே ஒரு புதையல். புதையல் இருக்குமிடத்துக்குத் திருடன் வழி கேட்டு வந்துவிடுவான் என்பதைக் கொரியா காட்டிற்று. திருடன் வராவிடினும் தேநீர்க் கடை இருக்கிறது.

நம் முன்னாள் மாணவி ஒருவர் புனைபெயரில் கதைகள் எழுதி வந்தார். பெரும்பாலும் தம் குடும்பத்தையும் சாதியையும் பற்றியவை. 2022இல் அந்த ஆணையைப் பற்றிய செய்தி வந்த வாரத்தில் நம்மைத் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, இனி நான் யாரென்று தெரிந்துவிடுமா?" என்று கேட்டார். தெரியாது என்றோ தெரியும் என்றோ உறுதியாகச் சொல்ல நமக்கு இயலவில்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, எழுதி முடித்த கதையொன்றை அனுப்பாமல் வைத்திருப்பதாகச் சொன்னார். அக்கதை இன்னும் நமக்கு வந்து சேரவில்லை.