காந்த ஊசியைத் திருப்பிய சூடு

1821-ல் பெர்லினில் தாமஸ் யோஹான் சீபெக் செய்த சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. செம்புப் பட்டை ஒன்று, பிஸ்மத் துண்டு ஒன்று. இரு முனைகளிலும் இணைத்தால் ஒரு வளையம். நடுவே காந்த ஊசி. ஒரு மூட்டைச் சூடாக்கினார், ஊசி திரும்பியது. கைச்சூடு பட்டாலே அது அசைந்தது.

வளையத்தில் மின்சாரம் ஓடியது என்று இன்று பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சீபெக் சொல்லவில்லை. வெப்ப வேறுபாடு உலோகத்தைக் காந்தமாக்குகிறது என்றார். பூமியின் காந்தத்துக்கே துருவக் குளிரும் நடுக்கோட்டுச் சூடும்தான் காரணம் என்கிற அளவுக்குப் போனார். மின்னோட்டம் ஊசியைத் திருப்பும் என்பதை முந்தைய ஆண்டுதான் கண்டறிந்திருந்த டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், இது மின்சார வேலை என்று சொல்லி 'வெப்பமின்' என்ற பெயரையும் வைத்தார். சீபெக் கடைசிவரை மசியவில்லை. ஆனால் பிடிவாதக்காரர் சோம்பேறியல்ல: கைக்குக் கிடைத்த உலோகம், கலவை, கனிமம் அத்தனையையும் சோதித்து வரிசைப்படுத்தி வைத்தார். அவர் விளக்கம் போய்விட்டது. அந்த வரிசை பின்வந்தவர்களுக்குப் பயன்பட்டது.

1826-ல் ஓம் தன் விதிக்கு வந்து சேர்ந்ததும் இந்த மூட்டை வைத்துத்தான். அன்றைய மின்கலங்கள் நிலையாக நிற்கவில்லை. கொதிநீரில் ஒரு முனை, பனிக்கட்டியில் மறுமுனை என்று வைத்தால் மின்னழுத்தம் ஆடவில்லை. கடிகாரத் தொழிலை விட்டு அறிவியலுக்கு வந்த பெல்த்தியே, மின்சாரம் பாய்ந்தால் என்று 1834-ல் சொன்னார்: மூட்டு சூடாகவோ குளிரவோ செய்யும். அதை யாரும் மறுக்க முடியாதபடி காட்டியவர் லென்ஸ்: 1838-ல் பிஸ்மத், ஆன்டிமனி மூட்டில் ஒரு சொட்டு நீர் விட்டு உறைய வைத்தார். மின்னோட்டத்தைத் திருப்பினார், பனி உருகியது.

1886-ல் எட்டிங்ஸ்ஹௌசனும் நெர்ன்ஸ்டும் பிஸ்மத்தைக் காந்தப் புலத்தில் வைத்தபோது, வெப்பம் பாயும் திசைக்குக் குறுக்கே மின்னழுத்தம் தோன்றியது. இதுதான் நெர்ன்ஸ்ட் விளைவு. நூற்றாண்டு கடந்து, செம்பு ஆக்சைடு மீக்கடத்திகளில் இதே குறுக்கழுத்தம், மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலைக்கு மேலேயும் தென்பட்டது. தனித்தனி எலெக்ட்ரான்களைக் கணக்கிடும் பழைய முறை அங்கே திணறியது.

2007-ல் இயற்பியலாளர்கள் ஹார்ட்னோல், கோவ்துன், முல்லர், சச்தேவ் ஆகியோர் நெர்ன்ஸ்ட் விளைவை ஒரு கருந்துளையில் கணக்கிட்டார்கள். வானத்துக் கருந்துளை அல்ல, காகிதத்தில் எழுதியது. நெருக்கமாகப் பிணைந்து இயங்கும் துகள் கூட்டத்தை ஒரு பரிமாணம் கூடிய ஈர்ப்பு உலகமாக மாற்றி எழுதலாம் என்று 1997-ல் மால்டசேனா முன்வைத்த கருத்திலிருந்து வந்த வழி இது. கருந்துளையின் மின்னூட்டம் துகள்களின் அடர்த்தி. அதன் காந்த ஊட்டம் வெளியிலிருந்து தரும் காந்தப் புலம்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. மாசுமறுவற்ற அந்த மாதிரியில், காந்தப் புலம் இல்லாவிட்டால் நேர்மின்னோட்டம் தடையே இல்லாமல் ஓடியது. நிஜ உலோகத்தில் அப்படி நடக்காது. அதனால் ஆய்வாளர்கள் மாதிரியில் இடத்துக்கு இடம் மாறும் அமைப்பைப் புகுத்தினார்கள். 2014-ல் டோனோசும் கான்ட்லெட்டும் அத்தகைய மாதிரிகளில் வெப்பமின் கடத்தல் எண்களை, கருந்துளையின் எல்லைப் பரப்பில் உள்ள விவரங்களை மட்டும் வைத்தே கணக்கிட்டுக் காட்டினார்கள்.