தங்க ஏடும் தாள் ஏடும்

தரங்கம்பாடிக் கடற்கரையிலே நிற்கிறது டேன்ஸ்போர்க் கோட்டை. விடுமுறை நாட்களிலே மக்கள் திரள்கிறார்கள், மதிலைத் தடவிப் பார்க்கிறார்கள், "வெள்ளைக்காரன் கட்டியதல்லவா!" என்று வியக்கிறார்கள். கீழ்த்தளத்திலே என்ன இருந்தது என்று கேட்போர் சிலரே. சரக்கறை இருந்தது. சிறைக்கூடமும் இருந்தது!

டென்மார்க்கிலே நான்காம் கிறிஸ்டியன் ஆண்ட காலம். 1616இல் வணிகக் கும்பினி ஒன்று பிறந்தது. மிளகும் துணியும் தேடி அவர்கள் கப்பல் இங்கே வந்தது. 1620 நவம்பரிலே தஞ்சை இரகுநாத நாயக்கனுடன் ஒப்பந்தம் முடிந்தது. கடலோரச் சிற்றூர் டேனியர் கைக்குப் போயிற்று. டென்மார்க் வேந்தனுக்குத் தஞ்சை வேந்தன் விடுத்த மடல் தங்கத் தகட்டிலே தமிழில் பொறிக்கப்பட்டது. இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்திலே இருக்கிறது அது. தங்கத்திலே ஏறியது தமிழ்! ஆனால் காவிரிச் சேற்றிலே கால் புதைய நின்று நெல் விளைவித்தவனுக்கு அதிலே ஓரெழுத்தைப் படிக்க வழி வைத்தார்களா?

வழி வைக்கவில்லை; விலை வைத்தார்கள். தெற்கே நாகப்பட்டினத்தை 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் பறித்தனர். அடுத்த சில ஆண்டுகளிலே பிஜப்பூர்ப் படையெடுப்பால் தஞ்சைத் தரணி பாழ்பட்டது, பஞ்சம் புகுந்தது. சோழவள நாட்டிலே சோற்றுக்கு வழியற்றவர்கள் ஆயிரக்கணக்கிலே அடிமைகளாக வாங்கப்பட்டு, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றப்பட்டனர். நெல் கொழித்த நாட்டின் ஏற்றுமதிச் சரக்கு, நெல்லை விளைவித்த மனிதன்!

அந்தக் கடற்கரைக்குத்தான் 1706இல் சீகன்பால்கு வந்தார். சமயம் பரப்ப வந்தவர்தாம், அதை மறைப்பானேன்? ஆயினும் தமிழ் கற்றார், பள்ளி வைத்தார், பெண்களுக்கும் பள்ளி வைத்தார். கும்பினியின் ஆளுநனுக்கு இவர் போக்குப் பிடிக்கவில்லை. 1708இல் அதே கோட்டையிலே நான்கு திங்கள் அடைத்து வைத்தான். வெளிவந்த பின்னும் பணி நிற்கவில்லை. லண்டன் சங்கம் ஒன்று அச்சுப்பொறி அனுப்பிற்று. ஜெர்மனியின் ஹாலே நகரிலே வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. எழுத்துகளோ பெரியவை, தாளோ அரிது. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். பொறையாற்றிலே காகிதப் பட்டறையும் வைத்தனர். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. தமிழ் அச்சேறியது அதுவே முதன்முறையன்று. 1578இலேயே கொல்லத்தில் அச்சாகியிருக்கிறது. ஆனால் எழுத்தும் தாளும் தஞ்சை மண்ணிலேயே உருவான தொழில் இது, தோழர்களே! மிளகு மூட்டையை எண்ணியவன் எண்ணிப் பார்க்காத தொழில்.

இதிலும் ஒரு கறை உண்டு. 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்திலே, தாழ்த்தப்பட்ட கிறித்தவர்க்குத் தனி இடம், மற்றவர்க்குத் தனி இடம். ஐரோப்பாவிலிருந்து அச்செழுத்தைக் கொணர்ந்தவர்களும் நம்மூர்ச் சாதியோடு சமரசம் செய்துகொண்டனர்.

1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு டேனியர் கப்பலேறினர். 1861இல் நாகையிலே இரயில் ஓடத் தொடங்கிற்று. சரக்கெல்லாம் அங்கே போயிற்று. கோட்டையிலே இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். போகிறவர்கள் மதிலோடு திரும்பிவிடாமல், பொறையாற்றுப் பக்கமும் போய்க் கடுதாசிப்பட்டறை எங்கே என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.