உபகாரச் சம்பளமும் விதவையின் பங்கும்

பென்ஷனுக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் உபகாரச் சம்பளம். அக்காலத்து மனப்பான்மை அப்பெயரிலேயே தெரிகிறது. அது துரைத்தனத்தார் மனமுவந்து அளிக்கும் உபகாரம். கேட்டுப் பெறும் உரிமையன்று. பெற்றவர் மறைந்தால் உபகாரமும் மறைந்தது.

அவருடைய மனைவி மக்களுக்கு வழி என்ன? இதற்கென இலங்கையில் 1898-இலும், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1904-இலும் விதவைகள், அநாதைகள் பென்ஷன் சட்டங்கள் பிறந்தன. ஆண் உத்தியோகஸ்தரின் சம்பளத்தில் மாதந்தோறும் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. அவருக்குப் பின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் படி கிடைத்தது. ஆகவே அதை உபகாரம் என்பது பொருந்தாது. கணவன் சம்பளத்தில் கொடுத்து வைத்ததையே மனைவி பெற்றாள்.

ஆனால் இவ்வேற்பாடு நிரந்தர உத்தியோகஸ்தருக்கே உரியது. காஜாங்கை எடுத்துக் கொள்வோம். 1890-களில் கிண்டர்ஸ்லி சகோதரர் அவ்வூரருகே இஞ்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் பயிரிட்டனர். 1897-இல் இரயில் பாதையும் வந்தது. கந்தோரில் பேனா பிடித்தவரும் தமிழர், தண்டவாளத்தில் சம்மட்டி பிடித்தவரும் தமிழர். நாட்கூலிக்கு உழைத்தவரின் விதவைக்கு அந்நிதியில் இடமில்லை. பால்மரம் வெட்டியவரின் விதவையோ தானும் வாளி சுமந்தாக வேண்டும். இல்லையேல் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

1951-இல் ஊழியர் சேமநிதி தோன்றியபோதுதான் தோட்டத் தொழிலாளிக்கும் ஒரு கணக்குப் பிறந்தது. தொழிலாளி நூற்றுக்கு 5, முதலாளி 5 என்பது தொடக்கக் கட்டணம். பால்வெட்டும் பெண்ணும் தன் பெயரிலேயே கணக்கு வைத்தாள். பழைய உத்தியோகஸ்தர் நிதியில் காணாத புதுமை இது. எனினும் சேமநிதி சேமிப்பேயன்றிப் பென்ஷன் அன்று. மாதப்படி என்பது தொழிலாளர் குடும்பத்தை எட்டியது 1969-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தால். 1971-இல் தொடங்கிய சொக்சோ, விதவைக்கு ஐந்தில் மூன்று பங்கும் பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கும் வகுத்தது. அரசாங்க ஊழியர் குடும்பங்களுக்கு 1980-ஆம் ஆண்டுப் பென்ஷன் சட்டம் வழிவகை செய்தது.

சட்டம் வந்தும் இடர் தீரவில்லை. விதவை தான் மனைவி என்று நிரூபிக்க வேண்டுமே! கோயிலில் தாலி கட்டியதற்கு ஊரே சாட்சி; காகிதம் இல்லை. 1976-இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1-இல் அமலுக்கு வந்த திருமணச் சட்டம், அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த மணங்களைப் பதிவானவையாகவே ஏற்றது. பின்னர் நடந்தவற்றுக்குப் பதிவு அவசியமாயிற்று. சேமநிதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. முஸ்லிம் அல்லாதார் யாரை வாரிசாகக் குறித்தாரோ அவருக்கே பணம் சேரும். மணமாகுமுன் தாயின் பெயரை எழுதிக் கொடுத்தவர், பிறகு படிவத்தை மாற்றாமலே இறந்தால், மனைவி பதிவுச் சான்றிதழோடு வந்து நின்றாலும் பணம் தாய்க்கே.