யாரைக் கேட்டு விற்பது? நெய்வேலிப் பங்கு விற்பனை விவாதம், 1956–2024

2006 ஜூலை 6ஆம் தேதி, பொதுத்துறை நிறுவனங்களின் பங்குகளை விற்கும் முடிவுகள் அனைத்தையும் நிறுத்திவைப்பதாகப் பிரதமர் மன்மோகன் சிங்கின் அரசு அறிவித்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் 10 சதவீதப் பங்கை விற்க மத்திய அமைச்சரவையின் பொருளாதாரக் குழு ஜூன் 22 அன்றுதான் ஒப்புதல் கொடுத்திருந்தது. அதற்குள் நெய்வேலித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். முடிவைக் கைவிடாவிட்டால் கூட்டணியில் நீடிப்பது கடினம் என்று முதலமைச்சர் கருணாநிதி தில்லிக்குத் தெரிவித்துவிட்டார். ஒடிசாவின் நால்கோ நிறுவனப் பங்குகளை விற்கவும் அதே நாளில்தான் ஒப்புதல் தரப்பட்டிருந்தது. நெய்வேலியின் புண்ணியத்தில் அதுவும் நின்றது.

2024 மார்ச்சில் அதே நிறுவனத்தின் 7 சதவீதப் பங்கு சந்தைக்கு வந்தது. ஒரு மாலையில் அறிவிப்பு வெளியானது; இரண்டு வர்த்தக நாள்களில் விற்பனை முடிந்தது. 2006இன் அளவுக்கு எதிர்ப்பு எழவில்லை, தில்லியில் எதுவும் தள்ளிப்போகவும் இல்லை. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் என்ன மாறியது என்று தேடுவதே இக்கட்டுரையின் வேலை. நிதி முடிவுகளில் மக்களைக் கேட்டாக வேண்டும் என்று நம் சட்டம் எங்கும் சொல்லவில்லை. அதனால் நெய்வேலி மக்களின் சொல்லுக்கு இருந்த வலிமை நாடாளுமன்ற எண்ணிக்கையிடமும் வேலைநிறுத்தத்திடமும் இரவல் வாங்கியதாகவே இருந்தது. அந்த வலிமை உச்சத்தில் இருந்த நாளிலும்கூட, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமத்தார் கேட்கப்பட்டோர் வரிசையில் இல்லை என்பதை இந்த வரலாற்றின் மிகப் பெரிய குறையாக நான் கருதுகிறேன்.

சட்டம் கேட்கச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு அயர்லாந்து ஒரு சான்று. யூரோ நெருக்கடியின்போது, 2012 மார்ச்சில், ஐரோப்பிய ஒன்றியத்தின் 25 நாடுகள் நிதி ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. அரசின் கட்டமைப்புப் பற்றாக்குறை பொதுவாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; 60 சதவீதத்துக்கு மேற்பட்ட கடனை ஆண்டுக்கு 20இல் ஒரு பங்கு வீதம் குறைக்க வேண்டும் என்பன அதன் மைய விதிகள். அந்த 25 நாடுகளில் மக்களிடம் வாக்குக் கேட்டது அயர்லாந்து மட்டுமே. அதுவும் ஆட்சியாளர்களின் பெருந்தன்மையால் அல்ல. ரேமண்ட் க்ரோட்டி என்ற பொருளியலாளர் தொடுத்த வழக்கில் 1987இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, நாட்டின் இறையாண்மையைத் தொடும் ஐரோப்பிய ஒப்பந்தங்களுக்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டும், திருத்தத்துக்கு மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்ற நிலை உருவாகியிருந்தது. வாக்கெடுப்பில் ஒரு தரப்புக்காக மட்டும் பொதுப்பணத்தைச் செலவிட அரசுக்கு உரிமையில்லை என்று 1995இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. ஒப்பந்தத்தை விளக்கும் கையேட்டை வாக்காளர்களுக்குக் கொண்டுசேர்ப்பது தனி ஆணையம் ஒன்றின் பொறுப்பு.

2012 மே 31 அன்று 60.3 சதவீத வாக்குகளோடு ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. வாக்காளரில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் வாக்களித்தார்கள். ஒப்பந்தத்தை ஏற்காத நாட்டுக்குப் புதிய ஐரோப்பிய மீட்பு நிதி கிடைக்காது என்ற நிபந்தனை தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. 2010இல் 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டத்துக்குள் போன நாட்டின் மக்கள் அதை எப்படி மறந்துவிட்டு வாக்களிப்பார்கள்? ஆகவே அந்த வாக்கெடுப்பை முழுச் சுதந்திரத்தின் வெளிப்பாடு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் யாரைக் கேட்க வேண்டும் என்பதை அங்கே சட்டம் முடிவுசெய்தது. கேட்பதா வேண்டாமா என்ற தேர்வு ஆட்சியிடம் விடப்படவில்லை.

இந்திய அரசமைப்பில் பொது வாக்கெடுப்புக்கு இடமில்லை. நடந்த சிலவும் ஆட்சிப்பரப்பைப் பற்றியவை: 1948இல் ஜூனாகத், 1967இல் கோவா, 1975இல் சிக்கிம். புதுச்சேரியின் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று நடந்ததும் தேர்ந்தெடுக்கப்பட்ட 178 பிரதிநிதிகளின் வாக்குதான்; அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவளித்தார்கள். பணம் பற்றிய முடிவு ஒன்றுக்காக இந்தியக் குடிமகன் வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியதே இல்லை. ஐரோப்பிய ஒப்பந்தத்துக்கு ஒன்பது ஆண்டு முன்பே, 2003இல், பற்றாக்குறைக்கு வரம்பு கட்டும் நிதிப் பொறுப்புச் சட்டத்தை மத்திய அரசும், தனக்கென ஒன்றைத் தமிழ்நாடும் இயற்றின. அவை தெருமுனை விவாதமாக ஆனதே இல்லை. பற்றாக்குறையை அடைக்கப் பொதுத்துறைப் பங்குகளை விற்பது ஆண்டுதோறும் பட்ஜெட்டில் ஓர் இலக்காக இடம்பெறத் தொடங்கியபோதுதான் நெய்வேலி போன்ற ஊர்களுக்கு அதன் பொருள் உறைத்தது.

நெய்வேலி என்னும் உடைமை எப்படி உருவானது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பின்னாளில் எழுந்த உரிமைக் கோரிக்கைகள் எல்லாம் அங்கிருந்தே கிளம்புகின்றன. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது கரும்பொருள் கலந்த நீர் வந்ததிலிருந்து கதை தொடங்குகிறது. அடுத்து நிலவியல் துறையின் துளையாய்வுகள், சென்னை மாகாண அரசின் சோதனைச் சுரங்கம், பிரிட்டனின் பாவெல் டஃப்ரின் நிறுவனத்தின் அறிக்கை. காமராஜர் விடாமல் வற்புறுத்தியதன் பயனாக 1956 நவம்பர் 14 அன்று மத்திய அரசின் நிறுவனமாக அது பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. சோவியத் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் ஓடத் தொடங்கியது.

இந்தக் கரியின் எடையில் பாதியளவு ஈரம். தொலைதூரம் கொண்டுபோனால் கட்டுபடியாகாது. வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே எரித்தாக வேண்டும். கரிப்படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தில் நிலத்தடி நீர் நிற்கிறது. இரவுபகலாக அதை இறைத்து அழுத்தத்தைத் தணித்தால்தான் சுரங்கம் மூழ்காமல் இருக்கும். ஆக, மண்ணும் நீரும் போவது சுற்றுப்புற ஊர்களிலிருந்து. மின்சாரமோ கம்பி வழியே மாநிலமெங்கும், பின்னர் தென்னகமெங்கும் போகிறது. 600 மெகாவாட் திறன்கொண்ட முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில் மூடப்படும்வரை அதன் மின்சாரம் முழுக்கத் தமிழ்நாட்டுக்கே வந்தது. மூலதனம் மத்திய அரசுடையது, மண் தென்னார்க்காட்டுக்காரர்களுடையது, உழைப்பு தொழிலாளருடையது, பயன் மாநிலத்துடையது. ‘இது யாருடையது’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை தொடக்கத்திலிருந்தே இருக்கவில்லை.

பங்குகளில் ஒரு சிறு பகுதி முன்பே மத்திய அரசின் கையைவிட்டுப் போயிருந்தது, மீதம் 93.56 சதவீதம். 2002இல் வாஜ்பாய் அரசு நெய்வேலிப் பங்குகளை விற்க முயன்று, எதிர்ப்பால் பின்வாங்கியது. 2006 நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள இரண்டு செய்திகள் உதவும். லாபமீட்டும் பொதுத்துறை நிறுவனங்களைப் பொதுவாகத் தனியார்மயமாக்க மாட்டோம் என்று ஐக்கிய முற்போக்குக் கூட்டணியின் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் வாக்களித்திருந்தது. மற்றொன்று, மக்களவையில் தி.மு.க.வுக்கு 16 உறுப்பினர்கள் இருந்தார்கள். கூட்டணிக்குத் தனிப்பெரும்பான்மை இல்லை. விற்பது பத்தே சதவீதம், நிர்வாகம் அரசிடமே இருக்கும், பணம் தேசிய முதலீட்டு நிதிக்குப் போகும், அதன் வருவாயில் 75 சதவீதம் சமூக நலத்துக்குச் செலவாகும் என்று மத்திய அரசின் தரப்பில் வாதிட்டார்கள். அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அது அலசி முடிக்கப்படவே இல்லை. முடிவைத் தீர்மானித்தவை 16 என்ற எண்ணும், நின்றுபோகக்கூடிய மின்சாரமும்தான்.

2013இல் நடந்தது இதைவிட நுட்பமானது. ஆய்வாளர்கள் அதற்குத் தரவேண்டிய கவனத்தைத் தரவில்லை என்பது என் எண்ணம். இம்முறை விற்பனைக்குக் காரணம் ஒரு விதி. பொதுத்துறை நிறுவனங்களிலும் குறைந்தது 10 சதவீதப் பங்கு பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்று 2010இல் திருத்தப்பட்ட விதிகள் சொல்லின; பங்குச்சந்தை வாரியமான செபி அதை 2013 ஆகஸ்டுக்குள் நிறைவேற்றச் சொன்னது. 93.56 சதவீதத்தை 90 ஆக்க 3.56 சதவீதத்தை விற்றாக வேண்டும். ஜூன் 21 அன்று அமைச்சரவைக் குழு 5 சதவீத விற்பனைக்கு ஒப்புதல் தந்தது. ஜூலை 3 நள்ளிரவு முதல் நெய்வேலியில் வேலைநிறுத்தம். தி.மு.க. அந்த மார்ச்சிலேயே மத்தியக் கூட்டணியைவிட்டு விலகிவிட்டது. முதலமைச்சர் ஜெயலலிதாவின் அ.தி.மு.க.வோ எதிரணியில். ஆகவே 2006இன் கூட்டல் கணக்கு இங்கே செல்லாது. செல்லுபடியானது மின்வெட்டு. பல மணி நேரம் இருளில் கிடந்து பழகியிருந்த மாநிலத்தில், நெய்வேலி நின்றால் என்ன ஆகும் என்பதை யாருக்கும் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜெயலலிதா முன்வைத்த தீர்வு: விற்றே ஆக வேண்டுமென்றால் மாநில அரசின் நிறுவனங்களுக்கு விற்றுவிடுங்கள். அரசிடமிருந்து அரசுக்குப் போகும் பங்கைப் ‘பொதுமக்களின்’ பங்காகக் கணக்கில் கொள்ளலாமா என்று செபி யோசித்தது. மாநில நிறுவனங்களைத் தகுதியுள்ள வாங்குவோராக ஏற்று, நிறுவன முதலீட்டாளர்களுக்கான ஒதுக்கீட்டு முறையில் வழிசெய்தது. டிட்கோ, சிப்காட், தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம், டுஃபிட்கோ, மின்நிதிக் கழகம் ஆகிய ஐந்தும் சேர்ந்து ஏறத்தாழ 5.97 கோடிப் பங்குகளை, பங்குக்கு 60 ரூபாய் வீதம், சுமார் 358 கோடி ரூபாய்க்கு வாங்கின. தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், தில்லிக்குப் பணம் கிடைத்தது, விதியும் நிறைவேறியது.

அந்தத் தீர்வை வெற்றி என்று கொண்டாடியவர்களோடு என்னால் பாதிதான் சேர முடிகிறது. தனியாருக்குப் போகவிருந்த பங்கு தமிழ்நாட்டு அரசிடம் தங்கியது நல்லதே. ஆனால் ‘விற்கலாமா’ என்ற கேள்வி அன்றோடு மறைந்து, ‘யாருக்கு விற்கலாம்’ என்ற கேள்வி அதன் இடத்துக்கு வந்துவிட்டது. விற்பனையை எதிர்த்தவர்களே வாங்குவோராக ஆனபின், அடுத்த விற்பனையை அடியோடு மறுப்பதற்கான தார்மீகத் தளம் சுருங்கிப்போனது.

2014இல் மத்தியில் ஒரே கட்சி தனிப்பெரும்பான்மை பெற்றது. தமிழ்நாட்டு எண்களின் தயவு தில்லிக்குத் தேவைப்படவில்லை. அதே ஆண்டு, பொதுத்துறைக்கான பொதுப்பங்கு வரம்பும் 10இலிருந்து 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. விற்கும் முறையும் மாறிவிட்டது. 2006இல் அமைச்சரவை முடிவுக்கும் விற்பனைக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில்தான் வாயிற்கூட்டங்களும் கடிதங்களும் வேலைநிறுத்தமும் நடந்தன. புதிய முறையில் மாலையில் அறிவிப்பு, மறுநாள் பெரிய நிறுவனங்களுக்கு, அடுத்த வர்த்தக நாளில் சிறு முதலீட்டாளர்களுக்கு. 2017 அக்டோபரில் பங்குக்கு 94 ரூபாய், 2024 மார்ச்சில் 212 ரூபாய் என்று அடிப்படை விலை வைத்து இப்படித்தான் விற்றார்கள். 2024 விற்பனைக்குப் பின் மத்திய அரசின் பங்கு 79.2 சதவீதத்திலிருந்து 72.2 ஆகக் குறைந்தது. விவாதிப்பதற்கான கால அவகாசமே இல்லாமல் போனதை, கட்சிகளின் எண்ணிக்கை மாற்றத்தைவிட ஆழமான மாற்றமாக நான் எடைபோடுகிறேன். எண்ணிக்கை தேர்தலுக்குத் தேர்தல் மாறும். ஒருமுறை பழகிவிட்ட நடைமுறை மாறுவது அரிது.

உள்ளூரிலும் அக்கறைகள் இடம்பெயர்ந்துவிட்டன. நிரந்தரத் தொழிலாளரின் எண்ணிக்கை சுருங்கச் சுருங்க, வேலையில் பெரும்பகுதி ஒப்பந்தத் தொழிலாளர் தலையில் விழுந்தது. 2014இல் அவர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக நடத்திய வேலைநிறுத்தத்தின் கேள்வி பணி நிரந்தரமும் ஊதியமும். பங்கு தில்லியிடம் 90 சதவீதமா 80 சதவீதமா என்பது, அதே சுரங்கத்தில் அதே வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்பவரை எந்த அளவுக்கு உலுக்கும்?

நிலம் கொடுத்தவர்களோ இந்த விவாதத்துக்குள் வரவே இல்லை. 2023 ஜூலை 26 அன்று, இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்ட வளையமாதேவியில் இயந்திரங்கள் இறங்கின. அறுவடைக்குக் காத்திருந்த நெற்பயிரின் மேல் அவை ஏறியதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இரண்டு நாள் கழித்து பா.ம.க. நெய்வேலியில் நடத்திய முற்றுகை வன்முறையில் முடிந்தது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலத்தை முன்பே கையகப்படுத்தியாயிற்று என்பது நிறுவனத்தின் வாதம். உழுதுகொண்டிருந்தவர்கள் இழப்பீடு போதவில்லை என்றார்கள். வீட்டுக்கு ஒரு வேலை என்ற பழைய கோரிக்கையை மறுபடி எழுப்பினார்கள்.

மக்களின் ஒப்புதலை எண்ணிக்கையில் கேட்கும் சட்டம் ஒன்று இந்தியாவில் உண்டு என்றால் அது 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம். தனியார் நிறுவனத்துக்கு நிலம் எடுப்பதானால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் ஒப்புதல் வேண்டும். அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் திட்டத்துக்கு 70 சதவீதம். பொதுத்துறை நிறுவனத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது. அதற்கும் மேலே, தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களின்கீழ் எடுக்கும் நிலங்களுக்கு மத்தியச் சட்டம் பொருந்தாது என்று தமிழ்நாடு 105ஏ என்ற பிரிவைச் சேர்த்துக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் அச்சட்டங்கள் செல்லாது என்றது. மாநில அரசு அவற்றுக்குப் புத்துயிர் தந்து புதுச் சட்டம் இயற்றியது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பொதுத்துறையைக் காக்க வேண்டும் என்று 2006இலும் 2013இலும் ஒரே குரலில் பேசிய இரு கழகங்களின் ஆட்சிகளிலும் இந்த ஏற்பாடு மாறவில்லை. நெய்வேலி பொதுச் சொத்தாக நீடிக்க வேண்டும் என்று நம்புகிறவன் நான். அந்தப் பொதுமைக்குள், மண்ணை விட்டுப்போகிற குடும்பத்தின் ஒப்புதலைக் கேட்கும் ஒரு விதியை எழுதிச் சேர்க்கச் செபியின் கணக்கு தேவையில்லை. சென்னைச் சட்டமன்றத்தின் ஒரு திருத்தத்தில் அதைத் தொடங்கலாம்.