புதுப் பஸ் முதலில் எந்த ஊருக்கு?

பழுதான பஸ்ஸை மாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது. வாங்கிய புதுப் பஸ்ஸை எந்தத் தடத்தில் ஓட்டுவது, அங்கே ஓடிய பழைய பஸ்ஸை எங்கே அனுப்புவது என்று கேட்கும்போதுதான் வாதம் தொடங்குகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஐம்பது ஆண்டு பஸ் வரலாறு இந்த வாதத்துக்கு நல்ல சாட்சி.

ஜெஞ்சாரோம், கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடையே ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் இருக்கும் ஊர். அவசரகாலத்தில் புதுக்கிராமமாக உருவானது. சுற்றிலும் தோட்டங்கள். காரோ மோட்டார் சைக்கிளோ இல்லாத குடும்பத்துக்குக் கிள்ளான் மருத்துவமனையும், கல்லூரியும், வேலையும் பஸ் வந்தால்தான் உண்டு.

மினி பஸ் காலம்

ஒரு காலத்தில் ஸ்ரீ ஜெயா, தூங் ஃபோங், லென் செங், சிலாங்கூர் ஆம்னிபஸ் என்று தனித்தனி நிறுவனங்கள் தத்தம் தடங்களில் ஓடின. பெருகிய கூட்டத்தை அவற்றால் சமாளிக்க முடியவில்லை. 1975-ல் கோலாலம்பூரில் மினி பஸ் வந்தது. இளஞ்சிவப்பு நிறம், எங்கே ஏறினாலும் ஒரே கட்டணம். கடைசிக் காலத்தில் அது 60 சென். படியில் தொங்கும் கூட்டம், பறக்கும் வேகம், ஆயிரம் புகார். ஆனாலும் ஒன்றைத் தவறவிட்டால் பின்னாலேயே இன்னொன்று வந்தது.

1998-ல் மினி பஸ் நிறுத்தப்பட்டது. இன்த்ராகோத்தா, சிட்டிலைனர் போன்ற நிறுவனங்களின் பெரிய பஸ்கள் அந்த இடத்துக்கு வந்தன. இதற்கு ஓராண்டு முன்பு, 1997-ல், தமிழ்நாட்டில் நேர்மாறான முடிவு எடுக்கப்பட்டது. பெரிய பஸ் போகாத கிராமங்களுக்காக மு. கருணாநிதி அரசு அங்கே மினி பஸ் திட்டத்தைத் தொடங்கியது. ஒரே வகை வண்டி ஓரிடத்தில் வேண்டாததாகவும் மற்றோர் இடத்தில் வரமாகவும் ஆனது. வண்டியின் அளவைத் தடம்தான் தீர்மானிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

கோலாலம்பூரின் பெரிய பஸ்களுக்கும் நல்ல காலம் பிறக்கவில்லை. 1997-ன் நிதி நெருக்கடி கடன்பட்ட நிறுவனங்களை உலுக்கியது. வருமானம் போதாத நிறுவனம் முதலில் ஒத்திப்போடுவது உதிரிப்பாகச் செலவைத்தான். பராமரிப்பு குறைந்தால் புது வண்டியும் சில ஆண்டுகளில் கிழடாகிவிடும். கடைசியில் அரசு நிறுவனமான பிரசரானா இவற்றின் பஸ் சேவையை எடுத்துக்கொள்ள, 2004-ல் ரேபிட் கேஎல் பிறந்தது.

தடங்களைப் பிரித்த 2006

2006 ஜனவரியில் ரேபிட் கேஎல் தடங்களையே மாற்றி அமைத்தது. நகருக்குள் ஓடுவது பண்டார், நகரையும் புறநகரையும் இணைப்பது உத்தாமா, குடியிருப்பிலிருந்து ரயில் நிலையத்துக்கும் பஸ் மையத்துக்கும் போவது தெம்பாத்தான், நெடுஞ்சாலையில் விரைவது எக்ஸ்பிரஸ் என நான்கு வகை. நீண்ட தடத்தைச் சுருக்கினால் அதே வண்டி கூடுதல் நடை போகும் என்பது இதில் உள்ள கணக்கு. முன்பு ஒரே பஸ்ஸில் போனவர் இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது அதற்குக் கொடுத்த விலை.

மறுதரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். கூட்டம் மிகுந்த தடத்தில் புதுப் பஸ் ஓடினால் அதிகம் பேர் பயனடைவார்கள், வசூலும் கூடும், வாங்கிய கடனும் அடையும் என்கிறார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அங்கிருந்து கழிக்கப்படும் பஸ் எங்கே போகிறது? கேள்வி கேட்க ஆளில்லாத ஓரத்து ஊருக்கு. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்ற கதைதான்.

ஒரு சின்னக் கணக்கு. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடும் தடத்தில் ஒரு வண்டி நின்றுபோனால், பயணி அதிகபட்சம் இருபது நிமிடம் காத்திருப்பார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பஸ் வரும் ஊரில் ஒரு வண்டி நின்றால், காத்திருப்பு இரண்டு மணி நேரம் வரை நீளும். டிப்போவிலிருந்து மாற்று வண்டி வந்து சேரவும் நேரம் பிடிக்கும். அப்படியானால் நின்றுபோகும் வாய்ப்பு அதிகமுள்ள வண்டியை எங்கே ஓட்டக் கூடாது? ஓரத்து ஊரில்தான்.

பழைய வண்டிக்கும் இடம் உண்டு. நெரிசல் மிகுந்த தடங்களில் காலையும் மாலையும் மட்டும் விடும் கூடுதல் நடைகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். வழியில் நின்றாலும் பின்னால் அடுத்த பஸ் வரும். அரிதாக பஸ் வரும் தடத்துக்குப் புத்தம் புது வண்டி கிடைக்காவிட்டாலும் போகட்டும், நம்பத்தக்க வண்டி வேண்டும். கூட்டம் குறைவென்றால் சிறிய வண்டி போதும்.

பணம் எங்கே என்பார்கள். கட்டணத்தை மட்டும் நம்பிப் பொதுப் போக்குவரத்தை நடத்த முடியாது என்பதை அரசுகளே ஒப்புக்கொண்டுவிட்டன. வழித்தட பஸ் நிறுவனங்களுக்கு 2012-ல் மத்திய அரசின் உதவி நிதி வந்தது. 2014 ஜூலையில் சிலாங்கூர் மாநில அரசு ஷா ஆலம், கிள்ளான், சுபாங் ஜெயாவில் இலவச பஸ்ஸைத் தொடங்கிப் பிறகு மற்ற இடங்களுக்கும் விரித்தது. பொதுப்பணம் சேரும் இடத்தில், அதிகம் பேருக்கு என்ன கிடைத்தது என்பதோடு, வேறு வழியில்லாதவருக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்க வேண்டும்.

பஸ்ஸை நம்ப முடியாத ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கிறார்கள். மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். வராத பஸ்ஸின் விலை வசூல் கணக்கில் ஏறுவதில்லை. சில வீடுகள் அதை வேறு விதத்தில் கட்டுகின்றன.

பண்டார் உத்தாமாவிலிருந்து வரும் மூன்றாவது இலகு ரயில் தடத்துக்குக் கடைசி நிலையமாக வகுக்கப்பட்ட ஜொஹான் செத்தியா, ஜெஞ்சாரோமுக்குப் போகும் பந்திங் சாலைப் பக்கம்தான் இருக்கிறது. அந்த நிலையத்துக்கும் ஜெஞ்சாரோமுக்கும் இடையே ஓடும் பஸ் நகரம் கழித்த வண்டியாக இருந்தால், இத்தனை செலவில் போட்ட ரயிலும் இந்த ஊருக்கு எட்டாது. புதுப் பஸ்களைப் பங்கிடும் அதிகாரிகள் தடப் பட்டியலைக் கடைசிப் பக்கத்திலிருந்தும் ஒருமுறை படிக்க வேண்டும்.