இரும்பு நெருஞ்சியும் மீன்வலையும்: ட்ரோன் போரில் பழைய ஆயுதங்கள்

செருப்பில்லாம கரிசக்காட்டுல நடந்தவங்களுக்கு நெருஞ்சி முள்ளைப் பத்தி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எப்படி விழுந்து கிடந்தாலும் ஒரு முள் நம்மைப் பார்த்து நிமிர்ந்தே நிற்கும்.

இதன் தாவரவியல் பெயர் ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ்.

ரோமானியர்கள் போர்க்களத்தில் பயன்படுத்திய ஓர் ஆயுதத்தின் பெயரும் "ட்ரிபுலஸ்" தான்! செடிக்கும் ஆயுதத்துக்கும் ஒரே பெயர்.

2,300 வருடங்களுக்கு முந்தைய அந்த ஆயுதம், இன்று உக்ரைன் போரில் ட்ரோன்களில் ஏறிப் பறந்து கொண்டிருக்கிறது.

அந்தக் கதையைத்தான் இந்தத் திரியில் பார்க்கப் போகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க மக்களே.

முதலில் இந்த இரும்பு நெருஞ்சி எப்படி வேலை செய்யுது?

நான்கு கூர்முனைகள் கொண்ட இரும்புத் துண்டு. எப்படித் தூக்கிப் போட்டாலும் மூன்று முனைகள் தரையில் ஊன்றிக் கொள்ளும். நான்காவது முனை வானத்தைப் பார்க்கும். குறி பார்க்க வேண்டாம், காவலுக்கு ஆள் நிற்க வேண்டாம். போட்டுட்டு போயிட்டே இருக்கலாம்.

கி.மு. 331. காகமேலா போர்க்களம். அலெக்சாண்டரின் குதிரைப்படை வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் பாரசீக மன்னர் டேரியஸ் தரையில் இரும்பு முட்களைப் பதித்து வைத்தார். அவர் படையிலிருந்து தப்பி ஓடி வந்த ஒருவன் அதை அலெக்சாண்டரிடம் சொல்லிவிட்டான் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் கர்டியஸ் எழுதுகிறார்.

அடுத்தது யானைக் கதை. எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

கி.மு. 318. கிரேக்கத்தில் மெகலோபோலிஸ் என்ற நகரம். மாசிடோனியத் தளபதி பாலிபெர்கான் 65 யானைகளோடு வந்து முற்றுகையிடுகிறார். யானைகள் நம்ம இந்திய யானைகள். பாகன்களும் இந்தியர்களே.

மதில் இடிந்து விழுந்துவிட்டது. இனி யானைகளை உள்ளே விட்டால் ஊர் காலி.

ஊருக்குள் டாமிஸ் என்று ஒரு பழைய சிப்பாய் இருந்தார். அலெக்சாண்டரோடு ஆசியா வரை போய் வந்தவர். யானையைக் கிட்ட இருந்து பார்த்தவர்.

யானையின் தோல் தடிமன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் உள்ளங்கால் மெத்து மெத்தென்று இருக்கும். எத்தனை டன் எடையையும் தாங்கும் அந்த மெத்தை, கீழிருந்து வரும் ஆணியைத் தாங்காது. சொந்த எடையே ஆணியை உள்ளே இறக்கிவிடும்.

டாமிஸ் பெரிய மரச்சட்டங்களில் கூரான ஆணிகளை அடித்தார். மதில் இடிந்த இடத்தில் ஆழமில்லாத பள்ளம் வெட்டி, சட்டங்களைப் பதித்து, மண்ணைத் தூவி மறைத்தார். நடுவில் ஒரு ஆளையும் நிறுத்தவில்லை. "வாங்க வாங்க" என்று வழி விட்டார்.

யானைகள் வந்தன. ஆணி ஏறியது. முன்னேயும் போக முடியல, பின்னேயும் வர முடியல. பக்கவாட்டிலிருந்து அம்பு மழை. பாகன்கள் விழுந்தார்கள். மிரண்ட யானைகள் திரும்பி ஓடித் தங்கள் படையையே மிதித்தன.

இதில் ஒரு விசயத்தைக் கவனிக்கணும். இந்த ஆயுதத்தின் வேலை கொல்வது இல்லை. நிற்க வைப்பது. நின்றதைக் கொல்ல வேறொரு ஆயுதம் பக்கத்தில் காத்திருக்கும்.

இப்ப 1951க்கு வாங்க. கொரியப் போர்.

வட கொரியப் படைக்கும் சீனப் படைக்கும் இரவில்தான் லாரிகளில் சப்ளை போகும். அமெரிக்கா என்ன செய்தது தெரியுமா? சரக்கு விமானங்களில் கூரைக்கு அடிக்கும் ஆணிகளை ஏற்றிப் போய் சாலைகளில் கொட்டியது. டயர் பஞ்சராகி நின்ற லாரிகளைத் தேடி குண்டுவீச்சு விமானங்கள் பின்னால் வந்தன.

டாமிஸின் அதே கணக்கு. யானைக்குப் பதில் லாரி. அம்புக்குப் பதில் குண்டு.

உக்ரைனில் நடப்பதும் இதேதான். பெரிய ட்ரோன்கள் இரவில் வந்து எதிரியின் சப்ளை சாலையில் இரும்பு நெருஞ்சியைத் தூவிவிட்டுப் போகின்றன. வண்டி நின்றால் போதும். தலையில் கேமராவோடு, வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு பாயும் சிறிய ட்ரோன் ஒன்று வந்து முடித்துவிடும். எஃப்.பி.வி. ட்ரோன் என்பார்கள். விலை நாம் கையில் வைத்திருக்கும் நடுத்தர ஸ்மார்ட்போன் அளவுதான். அது அழிப்பதோ கோடிக்கணக்கில் விலை போகும் கவச வண்டியை!

சரி, இந்த ட்ரோனை எப்படித் தடுப்பது?

முதலில் ஜாமர் வைத்தார்கள். ரேடியோ அலையைக் குழப்பினால் ட்ரோன் வழி தெரியாமல் விழுந்துவிடும். நல்லாத்தான் வேலை செய்தது.

2024 முதல் ஃபைபர் ஆப்டிக் ட்ரோன்கள் பெருகின. காத்தாடிக்கு நூல் விடுற மாதிரி, மெல்லிய கண்ணாடி இழையைப் பல கிலோமீட்டருக்கு விட்டுக்கொண்டே பறக்கும். கட்டளை அந்த இழை வழியாகவே போகும். ரேடியோவே கிடையாது. அப்போ ஜாமர் எதைக் குழப்பும்?

அங்கேதான் இரண்டாவது பழைய ஆயுதம் உள்ளே வருகிறது. வலை.

ரோமானிய அரங்குகளில் வாளும் கேடயமும் ஏந்திய வீரனுக்கு எதிராக, கையில் வலையும் திரிசூலமும் வைத்துக்கொண்டு ஒருவன் இறங்குவான். கேடயம் வாளைத் தடுக்கும். வலையை என்ன செய்யும்? ட்ரோனுக்கும் அதே கதி. சுற்றுகிற இறக்கையில் நூல் சிக்கினால் அதோடு சரி.

இன்று உக்ரைனின் கெர்சோன் நகரத்திலும், கிழக்கே போர்முனைக்குப் போகும் சாலைகளிலும் இருபுறமும் கம்பம் நட்டு, மேலேயும் பக்கவாட்டிலும் வலை கட்டி, சாலையையே சுரங்கம் போல ஆக்கியிருக்கிறார்கள். ரஷ்யப் படையும் தன் பக்கத்துச் சாலைகளில் இதையே செய்கிறது.

வலை எங்கிருந்து வருகிறது? கணிசமான பகுதி மீனவர்களிடமிருந்து! பிரான்சின் பிரிட்டனி கடற்கரை மீனவர்கள் ஆழ்கடலில் பயன்படுத்திக் கழித்த வலைகள் மட்டும் 2025இல் 280 கிலோமீட்டர் நீளத்துக்கு அனுப்பப்பட்டன. சென்னையிலிருந்து கிளம்பினால் கிட்டத்தட்ட திண்டிவனம் போய்த் திரும்பும் தூரம்.

வலை முழுப் பாதுகாப்பா என்றால் இல்லை. காற்றிலும் பனியிலும் கிழியும். ஒரு ட்ரோன் மோதி ஓட்டை போட்டால் அடுத்தது அந்த ஓட்டை வழியாக நுழையும். தினமும் ஆட்கள் போய் உயிரைப் பணயம் வைத்து ஒட்டுப் போட்டுக்கொண்டே இருக்கணும்.

இவ்வளவும் எதுக்கு? ஒரு மருத்துவனாக எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தச் சாலையில் போகும் ஆம்புலன்ஸ்.

விபத்து சிகிச்சையில் "கோல்டன் ஹவர்" என்று கேள்விப்பட்டிருப்பீங்க. படுகாயம் அடைந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வந்துவிட்டால் பிழைக்க வைக்கும் வாய்ப்பு அதிகம். நம்ம 108 வண்டி ஓட்டுநர்கள் வேகம் எடுப்பது அதற்காகத்தான். ஆப்கானிஸ்தானில் 2009இல் அமெரிக்கா தன் வீரர்களை 60 நிமிடத்தில் ஆஸ்பத்திரி சேர்க்கணும் என்று உத்தரவே போட்டது. வானம் அவர்கள் கையில் இருந்தது, ஹெலிகாப்டர் இறங்கியது.

உக்ரைன் முன்களத்தில் ஹெலிகாப்டர் கிட்டவே போக முடியாது. ஆம்புலன்ஸ் நகர்ந்தாலே மேலிருந்து தெரியும். அதனால் காயம்பட்டவர் பதுங்குகுழியிலேயே மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் காத்திருக்கிறார்.

ரத்தத்தை நிறுத்த கை கால்களில் இறுக்கிக் கட்டும் பட்டையை டூர்னிகே என்போம். 2 மணி நேரம் வரை பெரும்பாலும் பிரச்சனை இல்லை. அதற்கு மேல் போகப் போக தசையும் நரம்பும் சாகத் தொடங்கும். குண்டு எடுக்காத காலை, தாமதம் எடுத்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்லணும். கெர்சோனில் ஆற்றின் மறுகரையில் இருந்து ரஷ்ய ட்ரோன்கள் தெருவில் நடக்கும் சாதாரண மக்களைத் துரத்தித் தாக்குகின்றன. ஆம்புலன்ஸ்களும் தப்பவில்லை. இந்தத் தாக்குதல்கள் மனித குலத்திற்கு எதிரான குற்றம் என்று ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. கேமரா வழியாக எதிரில் இருப்பது யார் என்று பார்த்துக்கொண்டே செலுத்தும் ஆயுதம் இது. "தெரியாம பட்டுடுச்சு" என்று சொல்ல வழியே இல்லை.

1864இல் முதல் ஜெனீவா ஒப்பந்தம் கையெழுத்தானது. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை இருந்தால் அது மருத்துவ வண்டி, யாரும் தொடக்கூடாது என்பது அதன் சாரம்.

இன்று முன்களத்தில் பல மருத்துவக் குழுக்கள் அந்தச் சின்னத்தை வண்டியிலிருந்து அழித்துவிட்டுத்தான் கிளம்புகின்றன. சின்னம் இருந்தால் குறி வைக்க வசதியாகிவிடுகிறதாம்.

160 வருட ஒப்பந்தம் தராத பாதுகாப்பை, ஒரு மீனவர் கழித்துப்போட்ட வலையிடம் எதிர்பார்த்து அந்த ஆம்புலன்ஸ்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.