அம்மை குத்திய காலம் முதல் புதன்கிழமை ஊசி வரை

நம் குடியிருப்பில் கைக்குழந்தை உள்ள வீடுகளில் புதன்கிழமை என்றாலே ஒரு பதற்றம். தமிழ்நாட்டில் அரசு சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள் அது. லிஃப்ட்டில் இறங்கும்போது தாயின் முகம் ஒரு மாதிரி இருக்கும், திரும்பி வரும்போது வேறு மாதிரி. ஊசி போட்டு, அரை மணி நேரம் அங்கேயே உட்காரவைத்து, "ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டு போங்கள்" என்று நர்ஸ் சொன்ன பிறகு வருகிற நிம்மதி இருக்கிறதே, அதற்கு இருநூறு வருஷத்துக்கு மேலான கணக்கு உண்டு. வங்கியில் பேரேடு எழுதியே ஓய்வு பெற்றவன் ஆகையால், பழைய கணக்கைப் புரட்டும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. உங்களையும் கொஞ்சம் உடன் அழைத்துப் போகிறேன்.

முதலில் உங்கள் வீட்டில் அறுபது தாண்டியவர்களின் கையைப் பாருங்கள். நாலணாக் காசு அளவுக்கு வட்டமாக, குழிந்த தழும்பு இருக்கும். சிலருக்கு இரண்டு. அது பெரியம்மைக்குக் குத்தியது. 1980க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அது கிடையாது. அவர்களுக்கு இருப்பது தோளில் சின்னதாக ஒரு பி.சி.ஜி. தழும்பு மட்டும்.

பெரியம்மை வந்தால் அன்று வைத்தியம் என்று ஒன்றும் இல்லை. வாசலில் வேப்பிலை செருகி, மஞ்சள் தெளித்து, முத்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் விடும் நாளை எண்ணிக்கொண்டு இருப்பார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கண் போனது. அதனால்தான் கொள்ளிடத்துக்கு அக்கரையில் சமயபுரத்தாளிடம் அத்தனை பயமும் அத்தனை பாசமும். மாசியில் பூச்சொரிதல் தொடங்கி 28 நாள் பக்தர்களுக்காக அம்மனே பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும்தான் நைவேத்தியம். பிள்ளைக்காகத் தாய் பட்டினி கிடப்பது போலத்தான் இது என்று எனக்குத் தோன்றும்.

இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் குத்திப் பெரியம்மையைத் தடுக்கலாம் என்று 1796ல் செய்து காட்டினார். ஆறே வருஷத்தில் அந்த மருந்து பாக்தாத், பாஸ்ரா வழியாகப் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. 1802 ஜூன் 14 அன்று ஆனா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அங்கே குத்தினார்கள். இந்தியாவில் தடுப்பு மருந்து பெற்ற முதல் குழந்தை அவள்தான். அதே வருஷம் மருந்து சென்னைக்கும் வந்துவிட்டது. வந்த விதம்தான் வேடிக்கை. ஐஸ் பெட்டி இல்லாத காலம். குத்திய குழந்தையின் கையில் எட்டாம் நாள் வாக்கில் கொப்புளம் எழும்பும். அதிலிருந்து எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். இப்படிக் கைக்குக் கை மாறித்தான் ஊர் ஊராகப் போனது.

இதை எந்தத் தாய் ஒப்புவாள்? யாரோ வீட்டுக் குழந்தையின் புண்ணிலிருந்து எடுத்ததை, நன்றாக விளையாடும் தன் குழந்தையின் உடம்பில் ஏற்ற வேண்டும். போதாததற்கு அம்மை என்பது அம்மன் வருகை. அதைத் தடுப்பது அபசாரம். சாதி பார்க்கும் சங்கடமும் சேர்ந்தது. அம்மை குத்துபவர் தெருமுனையில் வருகிறார் என்றால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறமாக ஓடியதை ஊருக்கு ஊர் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது நமக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அந்தத் தாய்மார்கள் மேல் கோபம் வரவில்லை. அவர்களுக்கு யாரும் புரியும்படி எடுத்துச் சொல்லவில்லை.

சொல்லிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. எல்லிஸ் துரை. சென்னைக் கலெக்டராக இருந்தவர், திருக்குறளுக்கு உரை எழுதியவர், வள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படுபவர். அவர் மாட்டம்மை பற்றி ஒரு புராணக் கதை போலவே எழுதினார். அதில் சக்தியே தன்வந்திரிக்கு, பசுவிடமிருந்து வரும் இந்த மருந்தின் மகிமையை எடுத்துச் சொல்கிறாள். அம்மன் தடுக்கவில்லை, அம்மனே கொடுத்தது என்று ஆகிறது! இதைத் தந்திரம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ அது மரியாதையாகத்தான் படுகிறது. நம்மைப் போல ஒரு பக்கம் சமயபுரத்தாளையும், மறு பக்கம் பெரிய கோயிலில் தன்வந்திரி சன்னதியையும் வைத்துக்கொண்டு வாழ்பவர்களுக்கு அந்தக் கதை எவ்வளவு பொருத்தம் பாருங்கள். ரங்கநாதர் கோயிலில் ஆரோக்கியசாலை நடந்ததற்குக் கல்வெட்டே இருக்கிறது.

சட்டம், அபராதம் எல்லாம் பின்னால் வந்தன. சென்னை கிண்டியில் அம்மைப் பால் தயாரிக்கக் கிங் இன்ஸ்டிடியூட் வந்தது. கன்றுக்குட்டியிலிருந்து மருந்து எடுக்கத் தொடங்கியதும், கைக்குக் கை மாற்றும் சங்கடம் தீர்ந்தது. 1962ல் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இந்திய மண்ணில் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில். 1980ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

பயம் மட்டும் ஒழியவில்லை. 1955ல் பி.சி.ஜி. ஊசியை எதிர்த்துச் சிறு புத்தகமே எழுதினார் ராஜாஜி. அவ்வளவு படித்தவருக்கே சந்தேகம் என்றால் மற்றவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகுதான், கிராமம் கிராமமாகப் போய்ப் போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் இடத்தில்தான் போட வேண்டும் என்று தமிழக அரசு மாற்றியது. அந்த அரை மணி நேரக் காத்திருப்பை வீண் அலைச்சல் என்று நினைக்காதீர்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாமின்போது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகள் சிலருக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட மறுத்த பெற்றோர் அப்போது ஏராளம். படித்தவர்களும்தான்.

நம்பிக்கை எப்படி வந்தது என்றால், கண்ணால் பார்த்ததால் வந்தது என்பேன். நான் படித்த காலத்தில் காலில் இரும்புக் கம்பி கட்டி நடக்கும் பையன் வகுப்புக்கு ஒருவனாவது இருப்பான். 1995 முதல் சொட்டு மருந்து ஞாயிறுகள் வந்தன. பஸ் ஸ்டாண்டு, ரயில் ஜங்ஷன், கோயில் வாசல் எங்கும் மேஜை போட்டு, இரண்டு சொட்டு விட்டு, இடது சுண்டுவிரலில் மை வைத்து அனுப்புவார்கள். வேலூர் டாக்டர் ஜேக்கப் ஜான் போன்றவர்கள் அதற்கு முன்பே வழி காட்டியிருந்தார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோக் கிருமியால் ஒரு குழந்தைகூடப் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச் 27ல் சான்றிதழும் வந்தது. இரும்புக் கம்பி கட்டிய பையன்களை இன்று எந்த வகுப்பிலும் பார்க்க முடியாது.

இப்போது பிறந்தவுடன் தொடங்கி, ஆறு, பத்து, பதினான்கு வாரம், ஒன்பது மாதம் வரை தவறாமல் போடுகிறோம். அதற்கப்புறம்தான் மறதி. ஒன்றரை வயதுக்கு ஒன்று, ஐந்து வயதுக்கு ஒன்று இருக்கிறது. தொண்டை அடைப்பானும் கக்குவான் இருமலும் திரும்பி வருவது அந்த இடைவெளியில்தான். தடுப்பூசி அட்டையைப் பாஸ்புக் மாதிரி எடுத்துப் பாருங்கள். எந்தக் கட்டம் காலி என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

நம் பின்சுவரை ஒட்டி எழும்பும் புதுக் கட்டடத்தில் வேலை செய்யும் வடநாட்டுக் குடும்பங்களில் ஐந்து வயதுக்குள் நான்கு குழந்தைகள் இருக்கின்றன. மேஸ்திரியை வைத்துக்கொண்டு போன வாரம் பேசினேன். ஒரு அம்மாவிடம் இந்தியில் ஒரு அட்டை இருந்தது, ஒன்பதாம் மாதத்தோடு நிற்கிறது. மற்றவர்களிடம் அட்டையே இல்லை. அரசு மருத்துவமனையில் எந்த ஊர்க் குழந்தைக்கும் இலவசமாகப் போடுவார்கள். ஆனால் அரை நாள் கூலி போகும், வழியும் தெரியாது. வருகிற புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு கார் வேண்டும். என் ஸ்கூட்டரில் அத்தனை பேர் ஏற முடியாது. தரக்கூடியவர்கள் செக்யூரிட்டி அறையில் உள்ள பதிவேட்டில் பிளாட் நம்பர் எழுதி வையுங்கள். இந்தி தெரிந்த ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது.